வால்வு மாற்றிய பின் துடிப்பு தடுமாறினால்: ஓப்பன் ஆபரேஷனா, டாவியா?

பெருந்தமனி வால்வு சுருங்கிப்போனவருக்கு அதை மாற்ற இரண்டு வழி. நெஞ்சைத் திறந்து பழைய வால்வை வெட்டியெடுத்துவிட்டுப் புதியதைத் தைப்பது ஒன்று. தொடை ரத்தக்குழாய் வழியே கொண்டுபோய், பழைய வால்வுக்கு உள்ளேயே புதியதை விரிப்பது இன்னொன்று, அதுதான் டாவி. 80 வயது தாண்டினால் டாவி, 65-க்குக் கீழே ஓப்பன் என்பதில் பெரிய தகராறு இல்லை. வலி, தழும்பு, செலவு எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிடுவார்கள். இடைப்பட்ட வயதில், இரண்டுக்கும் உடம்பு தாங்கும் ஒருவர் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குடியிருந்தால், துடிப்புக் கோளாறை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நான் ஓப்பன் பக்கம்தான். இங்கே சொல்வது விலங்குத் திசுவில் செய்த வால்வைப் பற்றி; உலோக வால்வு வைத்தவர் எப்படியும் ஆயுள் முழுக்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிட வேண்டியவர்.

எண்களை மட்டும் பார்த்தால் டாவி ஜெயித்தது போலத் தெரியும். இரண்டு முறையையும் ஒப்பிட்டு 2019-இல் வந்த பார்ட்னர் 3 சோதனையில், பலூனால் விரிக்கும் வால்வு வைத்தவர்களில் 5 சதவீதம் பேருக்குத்தான் 30 நாளுக்குள் புதிதாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறையின் தாறுமாறான துடிப்பு) வந்தது, ஓப்பனில் 39.5 சதவீதம். இதயத்தைத் துடிக்க வைக்க உடம்புக்குள் பொருத்தும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்பட்டது டாவியில் 6.5 சதவீதம், ஓப்பனில் 4. அதே ஆண்டின் எவல்யூட் சோதனையில், தானே விரியும் வால்வுக்குப் பேஸ்மேக்கர் 17.4 சதவீதம், ஓப்பனுக்கு 6.1. இரண்டிலும் சராசரி வயது 73, 74. 60 வயதுக்காரருக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

ஓப்பனில் அதிகம் வருவது பெரும்பாலும் போய்விடும். டாவியில் அதிகம் வருவதற்கு வைக்கும் கருவி ஆயுளுக்கும் கூடவே இருக்கும். என் முடிவுக்குக் காரணம் இதுதான்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஆபரேஷன் ஆன 2-ஆம் நாளிலிருந்து 4-ஆம் நாளுக்குள் தலைகாட்டும். இதயத்தைச் சுற்றிய அழற்சி, நீர்க்கோர்ப்பு, நீர் மாத்திரையால் இறங்கும் பொட்டாசியம் எல்லாம் சேர்ந்து மேலறையைத் துடிக்கவிடாமல் நடுங்க வைக்கின்றன. முன்பே சாப்பிட்டுவந்த பீட்டா பிளாக்கர் மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்னும் சுலபமாக வரும். பொட்டாசியத்தை 4-க்கு மேல் வைப்பார்கள், மெக்னீசியம் ஏற்றுவார்கள், துடிப்பை ஒழுங்குபடுத்தும் அமியோடரோன் கொடுப்பார்கள். பெரும்பாலானோருக்கு 6 முதல் 8 வாரத்தில் துடிப்பு ஒழுங்குக்கு வந்துவிடும். அதுவரை ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அசிட்ரோமோ வார்ஃபரினோ என்றால், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை எண் 2 முதல் 3-க்குள் நிற்க வேண்டும். கூடவே அமியோடரோன் ஓடினால் ஐஎன்ஆர் ஏறும். டாக்டர் மாத்திரை அளவைக் குறைக்காவிட்டால் ஈறில் ரத்தம் கசியும், மலம் கறுக்கும். களிக்குத் தொட்டுக்கொள்ளும் கீரைக் கடைசலை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றுவதுதான் கெடுதல். மூட்டு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கக் கூடாது. சிலருக்குச் சில வருடம் கழித்து இந்தத் தடுமாற்றம் திரும்பும், பக்கவாத பயமும் உண்டு. அதனால் நின்றுவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

டாவி கதை வேறு. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் இறங்கும் இழைக்கட்டு, வால்வின் வலது இதழும் பின் இதழும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஓடுகிறது. டாவியில் பழைய சுண்ணாம்பு படிந்த வால்வை எடுப்பதில்லை, ஓரமாக நசுக்கித் தள்ளுகிறார்கள். அந்த அழுத்தம் இழைக்கட்டின் மேல் விழுந்தால் ஹார்ட் பிளாக், அதாவது மின்சாரம் கீழறைக்கு இறங்காமல் தடைபடும். வால்வு ஆழமாக இறங்கி உட்கார்ந்தால் ஆபத்து கூடும். முந்தைய ஈசிஜியிலேயே வலது பண்டில் பிளாக் (அந்தக் கட்டின் வலது கிளையில் தடை) இருந்தால் இன்னும் கூடும். அப்படிப்பட்டவர் டாவிக்குச் சம்மதிக்கும் முன் தனக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படுமா என்ற இந்த ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

பிளாக் எப்போது வரும் என்பதையும் பார்க்க வேண்டும். ஓப்பனில் ஒரு வாரம் வரை ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார். முதல் நாட்களில் இதயத்தின் மேல் தைத்த தற்காலிக வயர்களும் இருக்கும். பிளாக் வந்தால் அந்த வயரைப் பெட்டியில் மாட்டித் துடிக்க வைத்துவிடலாம். வீக்கம் வடிந்து தானே சரியாவதும் உண்டு. டாவியில் 2, 3 நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தானே விரியும் வால்வின் கம்பிச் சட்டம் அதற்குப் பிறகும் மெல்ல அழுத்திக்கொண்டிருக்கும், வீட்டுக்கு வந்த பிறகு பிளாக் வருவதும் உண்டு. தருமபுரி நகரத்திலிருந்து சேலம் 65 கிலோமீட்டர், பெங்களூரு 130-க்கு மேல். சித்தேரி, அஞ்செட்டி மலைப்பக்கம் என்றால் 108 வண்டி மேலேறி வரவே நேரமாகும். துடிப்பு 30-க்கு இறங்கி மயங்கி விழுந்தவருக்கு அந்த நேரம் கிடையாது.

பேஸ்மேக்கர் வைத்துவிட்டால் முதல் 4 முதல் 6 வாரம் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. மாந்தோப்பில் தொரட்டி பிடிப்பவருக்கு அந்தச் சீசன் போச்சு. வெல்டிங் மெஷினிலிருந்து குறைந்தது 2 அடி தள்ளி நிற்க வேண்டும், இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்தும் அப்படியே. மிக்ஸி, டிவி பிரச்சினை இல்லை. 6 மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை கருவியைச் சோதிக்க வேண்டும். பேட்டரி 8 முதல் 12 வருடம் ஓடும், பிறகு தோலைக் கீறிப் பெட்டியை மாற்ற வேண்டும். கீழறை எந்நேரமும் கருவியாலேயே துடித்தால் சிலருக்குப் பம்ப் பலம் குறையும். எக்கோ பார்க்காமல் விடக் கூடாது.

நுரையீரல் கெட்டவர், சிறுநீரகம் தளர்ந்தவர், நடையே தள்ளாடுபவர் என்றால் டாவிதான் சரி, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அப்படிப் போகிறவர் டிஸ்சார்ஜ் ஆனதும் மலை ஏறாமல், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பத்து நாள் உறவுக்காரர் வீட்டில் தங்கட்டும். காலை, மாலை மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தாறுமாறான துடிப்பு ஏமாற்றிவிடும். ஒழுங்கில்லாமல் ஓடினால் அன்றைக்கே ஈசிஜி. 45-க்குக் கீழே போனாலோ கண் இருட்டினாலோ உடனே 108. கிளம்பும் நாள் எடுத்த ஈசிஜியை போனில் படம் பிடித்து வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் புதிய ஈசிஜியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது புதிதாக வந்தது என்று அவருக்குத் தெரியும்.