ஏ.எல் (இலங்கையின் உயர்தரப் பரீட்சை): இந்த வருசமே எழுதுவதா, ஒரு வருசம் தள்ளுவதா?

ஹட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டப் பக்கம் பாடத்திட்டம் முடியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு இது.

செலவு: இப்போதே எழுதினால் விண்ணப்பம் பாடசாலை வழியாகப் போகும். தள்ளினால் இன்னொரு வருச டியூஷன், டவுனுக்கு பஸ் காசு. கொழுந்து பறிக்கும் சம்பளத்தில் அது லேசில்லை.

வாய்ப்பு: பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் எழுதலாம். மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியாக வேண்டும். போன வருசத்து இரசாயனவியலை இந்த வருசத்து உயிரியலோடு ஒட்ட முடியாது.

படிக்க இடம்: தள்ளினால் பாடசாலை மேசை போய்விடும். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அறையில் டிவி சத்தத்துக்கு நடுவே பௌதிகவியலா? கஷ்டம்தான்.

கலை, வர்த்தகம் என்றால் இப்போதே எழுதுங்கள். விஞ்ஞானத்தில் ஆசிரியரே இல்லாமல் பாதிப் பாடம் நடக்காதவர்கள், டியூஷன் காசுக்கு வழியிருந்தால் மட்டும் தள்ளலாம்.