இடைக்கால அரசா, சோவியத்தா: 1917இல் துப்பாக்கி யார் சொல் கேட்டது?

1917 பிப்ரவரி 27 அன்று, ரஷ்யாவின் அன்றைய தலைநகரான பெட்ரோகிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நகரின் டௌரிட அரண்மனையில், ஒரே கூரையின் கீழ் இரண்டு அதிகாரங்கள் பிறந்தன. (தேதிகள் பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி, இன்றைய கணக்குக்கு 13 நாள் கூட்ட வேண்டும்.) ஒன்று, டூமா எனப்படும் ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினர்களின் தற்காலிகக் குழு. மற்றது, தொழிலாளர் பிரதிநிதிகளின் சோவியத், அதாவது மன்றம். சில நாட்களில் சிப்பாய்களும் அதில் சேர்ந்தார்கள். மார்ச் 2இல் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் முடி துறந்தார். மறுநாள் அவர் தம்பி மிகயீலும் முடியை ஏற்க மறுக்க, ரொமானோவ் வம்சம் முடிந்தது. டூமா குழு இளவரசர் ல்வோவ் தலைமையில் இடைக்கால அரசை அமைத்தது.

வெளித்தோற்றத்தில் அரசின் தட்டுதான் கனமாக இருந்தது. அமைச்சகங்கள், கஜானா, நேச நாடுகளின் அங்கீகாரம் எல்லாம் அதனிடம். சோவியத்திடம் இவற்றில் எதுவும் இல்லை. ஆனாலும் மார்ச் முதல் வாரத்திலேயே உண்மையான அதிகாரம் சோவியத்திடம் போய்விட்டது என்பதே என் முடிவு. அதற்கு ஒரே காரணம், மார்ச் 1இல் நகரப் படைகளுக்குச் சோவியத் வெளியிட்ட ஆணை எண் 1.

ஏழே அம்சங்கள் கொண்ட அந்த ஆணை செய்த வேலை பெரிது. ஒவ்வொரு படைப்பிரிவிலும் சிப்பாய்கள் குழு தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பெனிக்கு ஒரு பிரதிநிதி சோவியத்துக்குப் போக வேண்டும். டூமாவின் இராணுவக் குழு இடும் உத்தரவு சோவியத் முடிவுக்கு முரணாக இருந்தால் கீழ்ப்படியத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, துப்பாக்கிகளும் கவச வண்டிகளும் குழுக்களின் பொறுப்பில் இருக்கும். அதிகாரி கேட்டாலும் தரக்கூடாது. அதிகாரிகளை 'மேன்மை தங்கியவரே' என்று அழைக்கும் வழக்கமும் ஒழிந்தது, அவர்கள் சிப்பாயை 'நீ' என்று ஒருமையில் அழைப்பதும் தடை செய்யப்பட்டது. ஒருமையில் அழைக்கப்படுவதன் வலியைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. பல சிப்பாய்களை ஆணையோடு பிணைத்தது இந்த வரிதான்.

அரசும் தன் கையைத் தானே கட்டிக்கொண்டது. புரட்சியில் பங்கேற்ற படைகளின் ஆயுதம் பறிக்கப்படாது, அவை தலைநகரை விட்டு அனுப்பப்படாது என்று தன் முதல் அறிவிப்பிலேயே ஒப்புக்கொண்டது. துருப்புகள், ரயில், தபால், தந்தி எல்லாம் சோவியத்திடம் இருக்கின்றன, அது அனுமதிக்கும் வரைதான் நம் உத்தரவு செல்லும் என்று போர் அமைச்சர் குச்கோவ் மார்ச் 9இலேயே தளபதி அலெக்செயேவுக்கு எழுதிவிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சோவியத் என்றாலே லெனினின் போல்ஷெவிக் கட்சி அல்ல. தொடக்கத்தில் அதை நடத்தியவர்கள் மிதவாத சோசலிஸ்டுகளான மென்ஷெவிக்குகளும், விவசாயிகளின் ஆதரவு பெற்ற சோசலிசப் புரட்சியாளர் கட்சியினரும். அவர்கள் ஆட்சிப் பொறுப்பை விரும்பவே இல்லை. அரசோ நிலப் பிரச்சினையை இனி தேர்ந்தெடுக்கப்பட இருந்த அரசியல் நிர்ணய சபைக்குத் தள்ளிப்போட்டது, முதல் உலகப் போரைத் தொடர்ந்தது. போர்முனையில் ஜூன் தாக்குதல் தோற்றது. ஆகஸ்டில் தலைமைத் தளபதி கோர்னிலோவ் படையை நகரை நோக்கி அனுப்பியபோது ரயில்வே தொழிலாளர்கள் வழியை மறித்தார்கள். செப்டம்பரில் பெட்ரோகிராட் சோவியத்தில் போல்ஷெவிக்குகள் பெரும்பான்மை பெற, அவர்களில் ஒருவரான ட்ரொட்ஸ்கி அதன் தலைவரானார்.

அக்டோபரில் நகரப் படைகளைப் போர்முனைக்கு அனுப்பும் பேச்சு எழுந்தது. மார்ச்சில் தந்த வாக்கு மீறப்படுகிறது என்று சிப்பாய்கள் கொதித்தார்கள். சோவியத் இராணுவப் புரட்சிக் குழுவை அமைத்தது. அதன் கையெழுத்தில்லாத எந்த உத்தரவும் செல்லாது என்று 22ஆம் தேதி அறிவித்தது. ஆணை எண் 1இன் அதே விசைதான், இம்முறை முழுதாக அழுத்தப்பட்டது. போல்ஷெவிக்குகள் ஆட்சியைக் கைப்பற்றிய 25ஆம் தேதி, அரசு இருந்த குளிர்கால அரண்மனையைக் காக்க அரசுக்குக் கிடைத்தவர்கள் இராணுவப் பள்ளி மாணவர்களும், பெண்கள் படையணியின் ஒரு பிரிவும், கொஞ்சம் கசாக்குக் குதிரை வீரர்களும்தான்.

இந்த விளக்கம் தலைநகருக்குப் பொருந்தும் அளவுக்குக் கிராமங்களுக்குப் பொருந்தாது. அங்கே நிலமே தீர்மானித்தது. அரசியல் நிர்ணய சபைக்கான நவம்பர் தேர்தலிலும் சோசலிசப் புரட்சியாளர்களே முதலிடம் பெற்றார்கள். போல்ஷெவிக்குகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழ கால்பங்கு வாக்கு. ஆனால் 1918 ஜனவரி 5இல் அரசியல் நிர்ணய சபை கூடியது அதே டௌரிட அரண்மனையில். விடியும் முன் காவலுக்குப் பொறுப்பான மாலுமி ஜெலெஸ்ன்யகோவ் சபைத் தலைவரிடம் வந்து, காவலர்கள் களைத்துவிட்டார்கள், கலைந்து செல்லுங்கள் என்றார். சபை மறுபடி கூடவில்லை.