ஃபர்னஸ் "போர்டு போச்சு" என்றால் உடனே கார்டை நீட்டாதீர்கள்

கனடாவில், குறிப்பாக டொராண்டோ பக்கம் சொந்த வீட்டில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வெளியே மைனஸ் 18, வீட்டுக்குள் 14 டிகிரி, குழந்தைகள் ஜாக்கெட்டோடு சோபாவில். அந்த நேரத்தில் வந்து நிற்பவர் என்ன சொன்னாலும் தலையாட்டத்தான் தோன்றும். சில பேருக்குப் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

காஸை எரித்து வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்தான் ஃபர்னஸ். எங்கள் ஃபர்னஸுக்கு வந்த கோளாறு இது. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் புகையை வெளியே தள்ளும் சின்ன மோட்டார் ஓடும். நெருப்பு மூட்டும் இக்னைட்டர் செக்கச் சிவக்கும். காஸ் திறந்து நெருப்பு நன்றாகவே பிடிக்கும். சில விநாடியில் பொசுக்கென்று அணைந்துவிடும். திரும்ப முதலிலிருந்து அதே வரிசை. சில தடவை முயன்றுவிட்டு லாக் ஆகிவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் கிடைத்த நம்பரைக் கூப்பிட்டேன். வந்தவர் நம் ஊர்க்காரர்தான். கீழ்க் கதவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி இருக்கும். அதற்குள், ஃபர்னஸை இயக்கும் மின்னணுப் பலகையான போர்டின் எல்.இ.டி. விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டிருந்தது. அதைக் குனிந்துகூடப் பார்க்காமல் கதவைக் கழற்றினார். கதவைக் கழற்றினால் டோர் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும், எல்.இ.டி.யும் அணைந்துவிடும். அந்த மினுக்கல்தான் கோளாறின் எண். எத்தனை மினுக்கலுக்கு என்ன பொருள் என்ற அட்டவணை அதே கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அவர் அந்தக் கதவைத் தரையில் குப்புறப் போட்டுவிட்டு, "அண்ணா, போர்டு அவுட். இன்னைக்கே மாத்திடலாம்" என்றார். மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

980 டாலர், வரி தனி. போர்டு வண்டியிலேயே இருந்தது, பெட்டி இல்லாமல். மாற்றும்போது பர்னர் பக்கத்தில் இருந்த ஒரு கம்பியையும் கழற்றித் துணியால் துடைத்து மாட்டினார். அது என்னவென்று கேட்டதற்கு, "சும்மா கிளீனிங்" என்றார். ஃபர்னஸ் ஓடியது.

பிப்ரவரியில் அதே கதை. இந்த முறை அதே மனிதர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசல் விட்டிருச்சு, கார்பன் மோனாக்ஸைடு வரும், நான் டேக் போட்டா காஸை நிறுத்திடுவாங்க, புள்ளைங்க இருக்கிற வீடு" என்று ஆரம்பித்தார். ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பது நெருப்பின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் உலோகப் பகுதி. டேக் என்பது காஸ் கருவியில் ஆபத்து என்று போடும் எச்சரிக்கைச் சீட்டு. கையில் ஒரு வாடகை ஒப்பந்தம். மாதாமாதம் கொஞ்சம்தான், புது ஃபர்னஸ் என்றார். விரிசலைப் போட்டோ எடுத்துக் காட்டுங்கள், டேக்கை எழுத்தில் கொடுங்கள் என்றேன். இரண்டும் நடக்கவில்லை. வேறொரு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

அடுத்து வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வாசலிலேயே காஸ் வேலைக்கான ஜி2 லைசன்ஸ் அட்டையைக் காட்டினார். கண்ணாடி வழியாக மினுக்கலை எண்ணினார், அட்டவணையைப் பார்த்தார், அந்தக் கம்பியின் வயரோடு மீட்டரைத் தொடராக மாட்டி ஃபர்னஸை ஓட விட்டார். "அண்ணை, இதைப் பாருங்கோ" என்றார். 0.4 மைக்ரோ ஆம்பியர். கம்பியை மெல்லிய ஸ்டீல் வுல்லால் தேய்த்து மாட்டியதும் 3-ஐத் தாண்டியது. விரிசலையும் கேமரா விட்டுத் தேடினார், ஒன்றும் இல்லை. சர்வீஸ் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கம்பிதான் ஃபிளேம் சென்சர். நெருப்பு மின்சாரத்தை லேசாகக் கடத்தும். போர்டு அந்தக் கம்பிக்கு மின்னழுத்தம் கொடுத்து, நெருப்பு வழியாக பர்னருக்குப் போய்ச் சேரும் மின்னோட்டத்தை அளக்கிறது. அது போதவில்லை என்றால் நெருப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டு காஸ் வால்வை மூடிவிடும். இல்லாவிட்டால் எரியாத காஸ் சேர்ந்துவிடும். கம்பியில் படலம் படிந்தால், எதிரே நெருப்பு எரிந்தும் போர்டுக்குத் தெரியாது. எர்த் வயர் தளர்ந்திருந்தாலும் இதே கோளாறுதான். மோட்டாரை ஓட்டி, இக்னைட்டரைச் சூடாக்கி, காஸைத் திறந்து, சந்தேகம் வந்ததும் மூடி, திரும்பத் திரும்ப முயலும் போர்டைப் பார்த்து "அவுட்" என்று சொல்ல எப்படி மனம் வந்தது என்றுதான் தெரியவில்லை.

போர்டு கெடவே கெடாது என்று சொல்லவில்லை. மேலே இருக்கும் ஏ.சி. காயிலிலிருந்தோ ஹியுமிடிஃபயரிலிருந்தோ தண்ணீர் சொட்டினால் கெடும். ரிலே கருகும், சாலிடர் விடும். ஆனால் அதை அளந்துதான் சொல்ல வேண்டும். சென்சரில் மைக்ரோ ஆம்பியர் சரியாக வந்தும் காஸை மூடுகிறதா, 24 வோல்ட்டும் தெர்மோஸ்டாட்டின் கட்டளையும் வந்து சேர்ந்தும், பாதுகாப்பு சுவிட்சுகள் மூடியிருந்தும் அசையாமல் கிடக்கிறதா, அப்போது போர்டைச் சந்தேகப்படலாம். நண்பர் வீட்டிலும் "போர்டு செத்துப்போச்சு" என்றுதான் சொன்னார்கள். தெர்மோஸ்டாட் வயர் தகரத்தில் உரசி ஷார்ட் ஆகி, போர்டில் செருகியிருந்த 3 ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தது. காரில் போடும் அதே ஊதா நிற ஃபியூஸ்தான், காபி விலைகூட இல்லை.

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் காஸ் வேலைக்கு டி.எஸ்.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழ் கட்டாயம், அட்டையைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். உடனடி ஆபத்து என்றால் 'ஏ' டேக், சரிசெய்ய அவகாசம் இருந்தால் 'பி' டேக். இரண்டுமே எழுத்தில் வர வேண்டியவை, வாயால் மிரட்ட அல்ல. அதே சமயம் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் அடித்தால் வாதாடிக்கொண்டு நிற்காமல் வெளியே போய் 911-ஐக் கூப்பிடுங்கள். அழைக்காமல் கதவைத் தட்டி ஃபர்னஸ் விற்பது 2018 மார்ச் 1 முதல் தடை. வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் என்றால் அதன் நகல் கைக்கு வந்ததிலிருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம்.

கழற்றிய பழைய போர்டைக் கேட்டுப் போன் செய்தேன். "தூக்கிப் போட்டாச்சு அண்ணா" என்றார். புதிது என்று மாட்டிய போர்டின் மூலையில் மார்க்கர் பேனாவால் 2019 என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அதைப் படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் அனுப்பியிருக்கிறேன். ரசீதில் லைசன்ஸ் எண் எங்கேயும் இல்லை. பதில் வராவிட்டால் அடுத்த கடிதம் மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கும் டி.எஸ்.எஸ்.ஏ.வுக்கும் போகும்.