மனு அடிக்க எத்தனை ஜிபி வேண்டும்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு, பத்திர நகல், கல்யாணப் பத்திரிகை, இதுதான் தினப்படி வேலை. கடையில் இரண்டு கம்ப்யூட்டர். இரண்டும் 2019-ல் வாங்கியவை: எட்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். 2023 ஜனவரியில் இரண்டிலும் இயங்குதளத்தை விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாற்றினேன். பழையதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும் என்றார்கள். புதியது இலவசம். தகுதிச் சோதனையிலும் பச்சை டிக் வந்தது.

அன்றிலிருந்து காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, வாசல் தெளித்து, டீ குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம். நான் எதையும் திறப்பதற்கு முன்பே ரேமில் பாதிக்கு மேல் போயிருக்கும். காரணம் புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகமான ரேம் போதாதபோது மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது. சுழலும் தட்டில் ஊசி அங்கும் இங்கும் ஓடித்தான் படிக்க வேண்டும், வினாடிக்கு நூறு சொச்சம் தடவைதான் அதால் முடியும். தேடலுக்கான அட்டவணை, வைரஸ் ஸ்கேன், அப்டேட், நான் கேட்காத வானிலை, செய்திப் பலகை எல்லாமே அந்த ஒற்றை ஊசிக்குத்தான் காத்திருக்கின்றன. 4 ஜிபி போதும் என்று நிறுவனம் சொல்வது இயங்குதளம் எழுந்து நிற்கத்தான். அதன்மேல் உட்கார்ந்து ஒருவர் பிழைப்பு நடத்த அது போதாது.

ஒரு திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்று காலையில்தான் எனக்குக் கூட்டம். குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, முதியோர் உதவித்தொகை மனுவுக்காக முதல் ஆளாக வந்திருந்தார். பெயர், ஊர், ரேஷன் கார்டு எண் வரை அடித்துவிட்டு, அவருடைய ஆதாரை ஸ்கேன் செய்யத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் திரை நீலம். அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்று ஒரு வரி. 27 சதவீதத்தில் நின்றது நகரவே இல்லை. "தம்பி, வரிசையில எடம் போயிடும்பா" என்று அவர் இரண்டு தடவை சொன்னார். கடைசியில் வெள்ளைத்தாளில் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். காசு வாங்க மனம் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. கடை நேரத்தில் ரீஸ்டார்ட் செய்யலாமா என்று முடிவெடுக்க வேண்டியவன் நான்.

வேகத்துக்காவது பணம் போட்டுச் சரிசெய்யலாம். ஒரு கம்ப்யூட்டருக்கு, சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினேன். மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் வேலை முறையைக் கலைத்ததற்கு என்ன செய்வது? முன்பு கோப்பின்மேல் ரைட் கிளிக் செய்தால் பிரிண்ட் அங்கேயே இருக்கும். இப்போது பல கோப்புகளுக்கு, 'மேலும் காட்டு' என்று இன்னொரு கிளிக் போட்டு உள்ளே போக வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு பிரிண்ட் எடுப்பவனுக்கு அது நூறு கிளிக். திறந்திருக்கும் மனுக்களைக் கீழ்ப்பட்டையில் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதியையும் எடுத்திருந்தார்கள். பல மாதம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. டெஸ்க்டாப்பில் நான் வைத்திருந்த கோப்புகள் இணையம் வழியாக ஒன்டிரைவ் என்ற மேகக் கணக்குக்கு, அதாவது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சேமிப்பிடத்துக்கு, ஏறிக்கொண்டிருந்தன. இலவச இடமான 5 ஜிபி நிரம்பிவிட்டது, பணம் கட்டுங்கள் என்று அறிவிப்பு வந்தபோதுதான் எனக்கே தெரியும். என்னை நம்பிக் கொடுத்தவர்களின் ஆதார் நகல், பத்திர ஸ்கேன் எல்லாம் அதில் இருந்தன. முதல்நாள் அமைப்பில் எங்கோ 'அடுத்து' அழுத்தியதையே சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் இறக்கி, அங்கே அழித்து, அந்த இணைப்பையே துண்டித்தேன். கடை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே இதைச் சரிபாருங்கள்.

2024 கடைசியில், ஹார்டு டிஸ்க்கோடும் 4 ஜிபியோடும் மிச்சமிருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மிண்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன், அதில் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை அதற்கு அப்டேட் உண்டு. எழுந்து நின்றதும் 1 ஜிபிக்கும் குறைவாகவே எடுக்கிறது. அப்டேட் இருந்தால் மூலையில் ஒரு சின்னம் தெரியும். கடை மூடும்போது நானே அழுத்துவேன். தமிழ்99 விசைப்பலகை ஒருமுறை அமைத்ததோடு சரி, மனுக்கள் எல்லாம் இப்போது அதில்தான்.

சிரமமும் இருந்தது. லேசர் பிரிண்டருக்கு டிரைவர் தேடி இரண்டு ராத்திரி போனது. வக்கீல்கள் அனுப்பும் வேர்டு கோப்புகளில் அட்டவணை சில நேரம் நகர்ந்துவிடுகிறது, பிரிண்டுக்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் மிண்டில் ஓடவில்லை. பத்திரிகை வேலைக்கு நாங்கள் இன்னும் நம்பியிருப்பது 2001-ல் வந்த ஏழாம் பதிப்பைத்தான். அதனால் எஸ்எஸ்டி போட்ட கம்ப்யூட்டரை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

பழைய பத்திரிகை மாதிரிகள் எல்லாம், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியாத பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றி, மிண்டில் ஓடும் லிப்ரேஆபீஸ் மென்பொருளில் புதிதாக அமைத்து வருகிறேன். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து முடிந்தது. கல்யாணப் பத்திரிகை பாதி தாண்டியிருக்கிறது. தை முகூர்த்தத்துக்கு ஆர்டர் வரத் தொடங்குவதற்குள் மீதியையும் முடிக்க வேண்டும்.