காட்பாடி சாலை கார் ஏசி பட்டறை: கேஸ் ஏற்றும் முன் அளந்து பார்க்கிறார்கள்

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் சென்னையிலிருந்து வேலூருக்கு வந்துகொண்டிருந்தேன். வாலாஜாபேட்டை வரை சால்வை கேட்கும் அளவுக்குக் குளிர்ந்த என் காரின் ஏசி, கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்ற ஐந்தாவது நிமிடத்தில் அனலைக் கக்கத் தொடங்கியது. வண்டி நகர்ந்தால் குளிர்ச்சி, நின்றால் அனல். ஒன்பது ஆண்டுகள் ஓடிய சிறிய பெட்ரோல் கார் அது. வழக்கமாகச் சர்வீஸுக்கு விடும் இடத்தில் நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே “கேஸ் குறைஞ்சிருக்கும் சார்” என்று கேஸ் ஏற்றி, 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் சிக்னலில் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

அதன் பிறகுதான், நண்பர் ஒருவர் சொல்லி, காட்பாடி சாலையில் கார் ஏசி வேலை மட்டுமே பார்க்கும் இந்தச் சிறிய பட்டறைக்குப் போனேன். தகரக் கொட்டகையும் இரண்டு வண்டி நிற்கும் இடமும்தான் மொத்தப் பட்டறை. ஆனால் அங்கிருந்த மூத்த மெக்கானிக் முதலில் கேட்ட கேள்வியே எனக்கு நம்பிக்கை தந்தது: “ஓடும்போது கூலிங் இருக்கா, நின்னா போகுதா?” ஆமாம் என்றதும், கேஸ் சிலிண்டர் பக்கமே போகாமல், பானெட்டைத் திறந்து கேஸின் அழுத்தத்தைக் காட்டும் இரண்டு கேஜ்களையும் மாட்டி, ஏசியை முழு வேகத்தில் வைத்து எஞ்சினை ஓடவிட்டார். அன்றைய வெயிலுக்கு 200 முதல் 250 பிஎஸ்ஐ வரை நிற்க வேண்டிய, உயர் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு கேஜின் முள், 350ஐத் தாண்டி 400ஐ நெருங்கியபோது, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் ‘டக்’கென்று தானாகவே நின்றது. அழுத்தம் எல்லை மீறினால் குழாய் வெடிக்காமல் இருப்பதற்காக வைத்துள்ள சுவிட்ச் அது என்று விளக்கினார். பிறகு ஒரு குவளைத் தண்ணீரை, கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரின் மேல் ஊற்றினார். ஆவி எழும்ப முள் சரசரவென்று இறங்கியது. கம்ப்ரசர் மீண்டும் ஓடியது. உள்ளே குளிர்ந்த காற்று வந்தது.

ரேடியேட்டர் ஃபேன் நன்றாகச் சுற்றியதால் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அசையவில்லை. அதனாலேயே பக்கத்திலிருந்த கண்டென்சர் ஃபேன் நின்றுபோனது என் கண்ணில் படவில்லை. ஓடும்போது எதிர்க்காற்று அந்த ஃபேனின் வேலையைச் செய்துவிடுகிறது. ஃபேனுக்கு மின்சாரம் வருகிறதா என்று டெஸ்ட் விளக்கால் பார்த்துவிட்டு, மோட்டாரின் முதுகில் ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினார். ஃபேன் சுற்றியது, அரை நிமிடத்தில் மறுபடி நின்றது. மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது.

கேஸ் எரிந்து தீருகிற பொருள் அல்ல, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது, குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள் என்பதை அவர் வாயால் கேட்டபோது, 1,800 ரூபாய் நினைவுக்கு வந்து கொஞ்சம் உறுத்தியது. இருந்த கேஸை இயந்திரத்தால் உறிஞ்சி எடை பார்த்தபோது 520 கிராம் வந்தது. பானெட்டின் உட்புற ஸ்டிக்கரில் இருந்ததோ 400 கிராம். மிகுதியாக ஏற்றிய கேஸ் அழுத்தத்தை மேலும் கூட்டியதால்தான் மறுநாள் இன்னும் மோசமாகியிருக்கிறது.

புதிய மோட்டார் 3,200, வேக்கம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து) அளவாகக் கேஸ் ஏற்றியது 1,400, கண்டென்சரில் அப்பியிருந்த பூச்சியையும் மண்ணையும் கழுவியது 400, ஆக 5,000 ரூபாய். வண்டியை வெயிலில் நிறுத்தியபடியே ஏசி துவாரத்தில் தெர்மாமீட்டரைச் செருகிக் காட்டினார். 19 டிகிரியில் நின்றது 9க்கு இறங்கியது. பழைய மோட்டாரைச் செய்தித்தாளில் சுற்றி என்னிடமே கொடுத்தார்.

குறைகளும் உண்டு. காலை பத்து மணிக்கு விட்ட வண்டி கைக்கு வர மூன்றரை ஆகிவிட்டது. உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான், அதுவும் தகரத்தின் நேர் கீழே. பில் துண்டுத்தாளில் எழுதியது; மோட்டாருக்கு ஆறு மாத வாரண்டி என்றதை அதில் எழுதச் சொல்லி நான்தான் கேட்டு வாங்கினேன். மே மாதத்தில் போனை எடுப்பதே இல்லை, ஞாயிறு விடுமுறை. போவதாக இருந்தால் ஒன்பது மணிக்கு முன்பே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள்.