குனிந்து பார்த்தால்தான் தெரியும்: கோத்தா திங்கியில் நின்ற மூன்று வண்டிகள்

கோத்தா திங்கியைத் தாண்டி மெர்சிங் போகும் சாலையில், நாங்கள் வழக்கமாக ரொட்டி சானாய் சாப்பிட நிறுத்தும் கடை ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அந்தக் கடைக்கு முன்னால் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர் வண்டிகள் மூன்று வரிசையாக நின்றன. முதலாவது சிங்கப்பூர் எண் போட்ட சுசுகி ஜிம்னி. எங்களோடு ஈசூனிலிருந்து கிளம்பி வந்த தம்பியுடையது. இரண்டாவது ஜோகூர் எண் போட்ட லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110. மூன்றாவதற்கு எந்தப் பெயரைச் சொல்வது என்று உடனே பிடிபடவில்லை. முகம் டொயோட்டா லேண்ட் குரூசர் 40. ஆனால் அந்த வண்டி ஒருபோதும் அவ்வளவு உயரத்தில் நிற்காது. தே தாரிக் தேநீர் ஆறிப்போனதைக்கூடக் கவனிக்காமல் மூன்றையும் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றில் எது சிறந்த வேலை என்று அன்று முழுவதும் எங்களுக்குள் வாக்குவாதம். என் பக்கத்தை எழுதி வைக்கிறேன்.

இப்படிப்பட்ட வண்டியைப் பார்த்ததும் கண் மேலேதான் போகும். கூரைமேல் சாமான் சட்டம், விளக்கு வரிசை, தண்ணீருக்கு மேலே நின்று இஞ்சினுக்குக் காற்றிழுக்கும் ஸ்நார்கல் குழாய். இவையெல்லாம் காசு இருந்தால் ஒரே மதியத்தில் மாட்டிக்கொள்ளக்கூடியவை. கட்டியவர் எவ்வளவு யோசித்தார் என்பது வண்டிக்கு அடியில்தான் இருக்கும். நான் முதலில் எண்ணுவது சக்கரத்து நட்டுகளை. டிஃபெண்டருக்கு ஐந்து நட்டு, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு. அந்த வட்டத்தின் குறுக்களவு 165.1 மில்லிமீட்டர். பழைய லேண்ட் குரூசருக்கு ஆறு நட்டு, 139.7 மில்லிமீட்டர். ஜிம்னிக்கும் அதே 139.7தான், ஆனால் ஐந்து நட்டு. இது மனத்தில் பதிந்துவிட்டால், மேலே இருக்கும் உடம்பும் கீழே இருக்கும் அச்சும் ஒரே குடும்பமா என்பது பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

அந்த டிஃபெண்டரில் ஆறு நட்டு இருந்தது.

உட்கார்ந்து பார்த்தேன். முன்னும் பின்னும் லேண்ட் குரூசரின் அச்சுகள். டிஃபெண்டருக்குச் சுருள் ஸ்பிரிங். பழைய லேண்ட் குரூசருக்குப் பட்டை ஸ்பிரிங். அதனால் சுருள் உட்காரும் கிண்ணங்களைத் தனியாக வெட்டி டொயோட்டா அச்சின்மேல் வெல்டு வைத்திருந்தார்கள். அந்த வெல்டிங் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன். மீன் செதில் மாதிரி ஒரே சீராக, ஒரு இடத்தில்கூடக் கட்டி தட்டாமல் ஓடியது. இந்த இணைப்பு சாத்தியமானதற்கு ஒரு காரணம் உண்டு: இரண்டு வண்டியிலும் முன் டிஃப்ரன்ஷியல் (இஞ்சின் விசையை இரு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) நடுவில் இல்லாமல் வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. ஆகவே கியர்பெட்டியிலிருந்து வரும் தண்டு கோணல் இல்லாமல் போய்ச் சேரும். இதைத் தெரிந்துகொண்டு அச்சைத் தேர்ந்தெடுத்தவர் வெறும் பொருத்துநர் அல்லர்.

வண்டிக்காரர் பக்கத்து மேசையில்தான் இருந்தார். எழுபதை நெருங்கும் தமிழர், வாழ்நாள் முழுக்க மெக்கானிக். பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்தில். "துரை வண்டி வந்தா நாங்க பின்னாலயே ஓடுவோம்" என்றார். மலாயாத் தோட்டங்களில் துரைமார்களுக்கும், 1948 முதல் 1960 வரை கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக நீடித்த அவசரகாலத்தில் ராணுவத்துக்கும் லேண்ட் ரோவர்தான் கால். ஏன் ரோவரின் சொந்த அச்சை வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டேன்.

"காட்டுக்குள்ள ரெண்டு தடவ ஒடிஞ்சிருச்சு தம்பி. மூணாவது தடவ ஒடிய விட மனசு வரல."

முதல் லேண்ட் ரோவர் 1948-இல் வந்தபோது, போருக்குப் பின் பிரிட்டனில் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால்தான் உடம்பு அலுமினியக் கலவை. இந்த ஊர் மழைக்கு அது பெரிய வரம். ஆனால் அடிச்சட்டம் இரும்பு. பின்கோடிக் குறுக்குச்சட்டம்தான் முதலில் அரிக்கும். பெரியவர் அந்தச் சட்டத்தை முழுசாக மாற்றித் துத்தநாகப் பூச்சு கொடுத்திருந்தார். கதவில் இருந்த பழைய நெளிவை மட்டும் அப்படியே விட்டிருந்தார். வேலை எங்கே தேவையோ அங்கே மட்டும் கை வைத்திருக்கிறார்; என்னை மிகவும் கவர்ந்தது அதுதான்.

இனி ஜிம்னி. 2018-இல் வந்த ஜேபி74 மாடல். சின்ன வண்டி என்று பலர் தள்ளிவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. தனி அடிச்சட்டம், முன்னும் பின்னும் முழு அச்சு, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ கியர் என்று பெரிய வண்டியின் எலும்பு எல்லாம் இதிலும் உண்டு. எடை மட்டும் சுமார் 1,100 கிலோ. கம்பெனியிலிருந்து வரும்போதே முன்பக்கம் 37 பாகை, பின்பக்கம் 49 பாகைச் சரிவை இடிக்காமல் ஏறி இறங்கும்.

தம்பி செய்த வேலையைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் சிங்கப்பூரைப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே வண்டிக்கு ஆயுள் பத்து வருடம். அதற்குமேல் வைத்திருக்க சிஓஇயை, அதாவது வண்டி வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழை, புதுப்பிக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான ‘பி’ பிரிவு சிஓஇ 150,001 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போனது. 1,600 சிசிக்கு உட்பட்ட ஜிம்னி ‘ஏ’ பிரிவு என்பதால்தான் அவனுக்கு இது கட்டுப்படியானது. சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. பல மாற்றங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். பரிசோதனையிலும் தேற வேண்டும். இத்தனைக்கும் நடுவில் அவன் கட்டியிருக்கிறான். கொஞ்சம் உயர்ந்த ஸ்பிரிங், மட்கார்டுக்குள் அடங்கும் மண் டயர், வயிற்றுப் பக்கத்தைக் காக்கும் தகடு. ஒரு இடத்தில்கூட வெல்டிங் இல்லை, எல்லாம் போல்ட். பத்து வருடம் கழித்து வண்டி போய்விடும், சாமான்கள் அடுத்த ஜிம்னிக்குப் போக வேண்டும் என்பதுதான் அவன் கணக்கு. பின் இருக்கைக்குப் பதில் அவன் செய்த பலகை அலமாரியைத் திறந்து காட்டினான். டயருக்குக் காற்றடிக்கும் பம்ப், இழுவைக் கயிறு, அடுப்பு, ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்த குழி. குலுங்கினால் சத்தம் வராமல் உள்ளே பழைய யோகா பாய் ஒட்டியிருந்தான்.

மூன்றாவது வண்டியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அதற்குச் சொந்தக்காரர் பேசுகிற மனநிலையில் இல்லை. சக்கரத்தின் மையத்தைப் பார்த்துவிட்டு அச்சுக் குழாயைத் தேடினால், குழாய் மையத்துக்கு நேராக இல்லை, அதற்கு மேலே ஓடுகிறது. போர்ட்டல் அச்சு. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சிறு கியர்பெட்டி இருந்து, அச்சையே மேலே தூக்கிவிடுகிறது. மெர்சிடிஸ் யூனிமாக்கில் இருப்பதும் இதுதான். யூனிமாக் முதலில் விவசாயத்துக்காகப் பிறந்தது. இரண்டு உருளைக்கிழங்கு வரிசைக்குப் பொருந்தும்படி சக்கர இடைவெளியை 1,270 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள். கோத்தா திங்கியில் நின்றதற்கு அச்சு கொடுத்தது சுவீடன் ராணுவத்தின் வால்வோ சி303.

சாதாரண அச்சில் டயரை நான்கு அங்குலம் பெரிதாக்கினால் தரையிலிருந்து கிடைப்பது இரண்டு அங்குலம்தான். போர்ட்டலில் டயரைத் தொடாமலே உயரம் கிடைக்கும். விலை என்னவென்றால், எண்ணெய் பார்க்க வேண்டிய பெட்டி நான்கு கூடுகிறது. ஆற்றைக் கடந்த பிறகு திறந்து பார்த்து, எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். பக்கச் சரிவில் இந்த உயரமே எதிரியாகவும் மாறும். (2013-இல் மெர்சிடிஸ் ஆறு சக்கர ஜி63-ஐப் போர்ட்டல் அச்சோடு தொழிற்சாலையிலேயே செய்து விற்றது. அழகுதான். ஆனால் இந்தப் போட்டியில் அதைச் சேர்க்க மாட்டேன், பட்டறையில் யாரும் இரவு கண்விழித்துச் செய்தது அல்ல.)

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு செம்மண் ஏற்றம். சோப்பு போட்ட மாதிரி வழுக்கியது. ஜிம்னி டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு, மேல்தோலைக் கிழிக்காமல் மிதந்து போனது. லேண்ட் ரோவர் ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை, அது மிதக்காது. கீழே கெட்டி மண் கிடைக்கும்வரை தோண்டிக்கொண்டு, லோ கியரில் அவசரமே இல்லாமல் ஏறியது. போர்ட்டல் வண்டிக்கு அந்த இடம் ஒரு பொருட்டே அல்ல. ஆழமான டயர் தடத்தில் மற்ற இரண்டும் வயிறு உரசிய இடத்தில் அது உரசவே இல்லை. ஆனால் ஏற்றத்தின் முடிவில் பாதை இடப்பக்கம் சாய்ந்த இடத்தில் ஓட்டியவர் நிறுத்தி, இறங்கி, நடந்து பார்த்துவிட்டுத்தான் நகர்த்தினார்.

எனக்கு லேண்ட் ரோவர்தான் முதலிடம். வண்டியின் குறை என்ன என்று காட்டிலேயே கண்டு, அந்தக் குறையை மட்டும் சரிசெய்த வேலை அது. சிங்கப்பூரில் வைத்து ஓட்டப்போகிறவர் கேட்டால் ஜிம்னியைத்தான் சொல்வேன், இங்கே அந்த டிஃபெண்டரைக் கட்டவே முடியாது. 35 வருடம் தாண்டிய வண்டியைக் கிளாசிக் திட்டத்தில் வைத்தாலும் வருடத்துக்கு 45 நாள்தான் வெளியே எடுக்கலாம். காடு மட்டுமே வாழ்க்கை என்றால் போர்ட்டல் வண்டி. அதன் உழைப்புக்கு என் மரியாதை முழுசாக உண்டு, ஆசைதான் வரவில்லை.

தம்பி இதை ஏற்கவில்லை. சாயங்காலம் கடைக்குத் திரும்பியபோது அதே வாதத்தைப் பெரியவரிடம் எடுத்துப் போனான். அவர் பதில் சொல்லவில்லை. டார்ச் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஈரத் தரையில் சாக்கு விரித்து ஜிம்னிக்கு அடியில் படுத்தார். நாங்கள் இரண்டாவது தே தாரிக்கை முடித்த பிறகுதான் வெளியே வந்தார்.

"நல்லா செஞ்சிருக்க. பின்னால பிரேக் ஹோஸ் மட்டும் இழுத்துக்கிட்டு நிக்குது. ரெண்டு இன்ச் நீளமா மாத்திடு. அடுத்த வாரம் வா, நானே போட்டுத் தர்றேன்."