மெஷ்டாஸ்டிக் கருவிகள்: கோத்தகிரியில் பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

2009 நவம்பர் மழையில் மண்சரிவால் நீலகிரியின் சாலைகள் துண்டிக்கப்பட்டதை எங்கள் ஊரார் இன்னும் மறக்கவில்லை. செல்போன் கோபுரம் செயலிழந்தாலும் செய்தி போய்ச்சேர வேண்டும் என்பதற்காகவே கருவிக்குக் கருவி செய்தியைக் கைமாற்றிவிடும் மெஷ்டாஸ்டிக் மென்பொருளில் இயங்கும் லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் வானொலி முறை) கருவிகளை வாங்கினோம். இவை இந்தியாவில் உரிமம் தேவைப்படாத 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. மூடுபனி இவற்றைத் தடுப்பதில்லை. குறுக்கே நிற்கும் மலைமுகடுதான் தடுக்கிறது.

ஒரு குழுச்செய்தியைக் கேட்கும் கருவிகள் உடனே அதைத் திருப்பி அனுப்பிவிடுவதில்லை. சிக்னல் பலவீனமாகக் கிடைத்த கருவி, அதாவது பெரும்பாலும் தொலைவில் இருப்பது, முதலில் அனுப்பும். அதைக் கேட்ட மற்றவை ஒதுங்கிக்கொள்ளும். அருமையான ஏற்பாடு. ஆனால் வீடுகள் நெருங்கிய கடைவீதிப் பக்கத்தில், சுவரும் சரிவும் மறைப்பதால் ஒன்று பேசுவது இன்னொன்றுக்குக் கேட்பதில்லை. ஆகவே ஒரே செய்தியைப் பல கருவிகள் திரும்பத் திரும்ப அனுப்பி, அலைவரிசையை அடைத்துவிடுகின்றன. கருவியில் இயல்பாக வரும் வேக அமைப்பான லாங் ஃபாஸ்ட்டின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1 கிலோபிட்தான். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குறியும் 3 பைட் எடுத்துக்கொள்வதால், நம் செய்திகள் சிறியவையாக இருந்தாலும் காற்றில் அதிக நேரம் பிடிக்கின்றன.

இதற்குத் தீர்வு கருவிகளைக் கூட்டுவதில் இல்லை, திருப்பி அனுப்புபவற்றைக் குறைப்பதில் இருக்கிறது. வீட்டுக் கருவிகள் அனைத்தையும் பிறர் செய்தியைத் திருப்பி அனுப்பாத கிளையண்ட் மியூட் நிலைக்கு மாற்றி, தேயிலைத் தோட்டத்து மேட்டில் உள்ள ஒன்றை மட்டும் ரூட்டராக, அதாவது செய்திகளைத் திருப்பி அனுப்புவதாக வைத்து, எல்லாவற்றையும் வேகம் கூடிய, ஆனால் எட்டும் தூரம் குறைந்த மீடியம் ஃபாஸ்ட் அமைப்புக்குக் கொண்டுவந்ததும், மெஷ்டாஸ்டிக் செயலி காட்டும் அலைவரிசைப் பயன்பாட்டுச் சதவீதம் கண்கூடாக இறங்கியது. செய்தி சேர்ந்ததற்கான குறியும் தாமதமின்றி வருகிறது. இதற்கு விலையும் உண்டு: கோடநாடு சாலையோரம் சரிவில் இருந்த கருவி எட்டாமல் போய்விட்டதால், அங்கே இன்னொரு ரூட்டர் வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு செய்தி எத்தனை முறை கைமாறலாம் என்ற தாவல் வரம்பை இயல்பான 3-இலேயே விட்டிருக்கிறோம். அதைக் கூட்டினால் நெரிசல்தான் கூடும்.

தனிச்செய்திகளுக்கு மெஷ்டாஸ்டிக்கின் 2.6 பதிப்பிலிருந்து அடுத்த கருவியைத் தேர்ந்து அனுப்பும் முறை வந்திருப்பதால், பழைய பதிப்பில் இருப்பவர்கள் அவசியம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

வாங்குவோர் கருவிக்குள் இருக்கும் சில்லைக் கவனித்து வாங்குங்கள். ஈஎஸ்பி32 சில்லு மின்சாரத்தை அதிகம் இழுக்கும். வடகிழக்குப் பருவமழையில் வெயிலே காணாத நாட்களில் சோலார் பலகையை நம்பி மேட்டில் வைப்பதற்கு என்ஆர்எஃப்52 வகையே ஏற்றது.